சரிக்குச் சமமாக ஒருவர்

சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் ஏசி எக்ஸ்பிரஸ் ஒன்று, ஹவுரா வரைக்கும் போகாமல் அதற்கு முன்பே சாந்த்ராகாச்சியில் பயணத்தை முடித்துக்கொள்கிறது. கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கும் இதுதான் வழி. கொல்கத்தாவில் செஸ் போட்டி என்றால் பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு ரயிலேறும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இது பழகிய பாதை.   சாந்த்ராகாச்சியிலிருந்து கோனா எக்ஸ்பிரஸ் சாலையைப் பிடித்து, வித்யாசாகர் பாலத்தில் ஹூக்ளியைக் கடந்தால் கொல்கத்தா.

1855இல் இந்தப் பாலமும் கிடையாது, இந்தத் தடமும் கிடையாது. ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடி ஓராண்டுகூட ஆகவில்லை. பெங்கால் நாக்பூர் ரயில்வே ஹவுராவை எட்ட 1900 ஆனது. அந்த 1855 மே மாதத்தில், ஆற்றின் அக்கரையில், ஒரு சதுரங்கப் பலகையின் இரு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஜான் காக்ரேன் என்ற பாரிஸ்டர், இன்னொருவர் மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளப் பிராமணர். அன்று அவர்கள் ஆடிய ஆட்டம் நகர்வு நகர்வாக எழுதிவைக்கப்பட்டது. 170 ஆண்டு கழித்து இன்றைக்கும் நம் வீட்டுப் பலகையில் அதை அப்படியே ஆடிப் பார்க்கலாம். இந்தியச் சதுரங்கத்தின் கதையை விஸ்வநாதன் ஆனந்திடமிருந்து தொடங்குவது நம் வழக்கம். இந்த இருவரிடமிருந்து தொடங்குவதே நியாயம் என்பது என் கட்சி.

காக்ரேன் 1798இல் பிறந்தவர். 1822இலேயே சதுரங்கம் பற்றி ஒரு நூலை வெளியிட்டுவிட்டார். பிறகு இந்தியா வந்து, கொல்கத்தாவில் வழக்கறிஞராகப் பெரும் பெயர் எடுத்தார். 1841 முதல் 1843 வரை லண்டனுக்குத் திரும்பி இருந்தபோது, அந்நாளில் ஐரோப்பாவின் முதல் ஆட்டக்காரராக உயர்ந்துகொண்டிருந்த ஹோவர்ட் ஸ்டான்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். பெரும்பாலானவற்றில் தோற்றார். ஆனாலும் ஸ்டான்டனுக்கு எதிரே அத்தனை முறை உட்கார்ந்து தாக்குப்பிடித்தவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர் கொல்கத்தாவுக்குத் திரும்பி வந்ததும் ஒரு சிக்கல். அவருக்கு இணையாக ஆட ஆளில்லை.

இணையில்லாத ஆட்டக்காரருக்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பலம் கூடியவர் தன் காய் ஒன்றை முதலிலேயே எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஆடுவார். எதிராளி கொஞ்சம் பலவீனமானவர் என்றால் ஒரு சிப்பாய் குறைவு. இன்னும் பலவீனமானவர் என்றால் ஒரு குதிரையே குறைவு. ஆட்டம் ஒருபக்கமாகப் போய்விடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. இரண்டு பக்கமும் பதினாறு பதினாறு காய்களோடு உட்காருவது, இருவருமே ஒருவரையொருவர் மதித்தால்தான் நடக்கும். கொல்கத்தா சதுரங்கக் கழகத்தைச் சேர்ந்த ஒருவர் 1850இல் லண்டன் செஸ் இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். காக்ரேனோடு சரிசமமாக உட்கார்ந்து ஜெயிக்க ஏதாவது வாய்ப்பு உள்ளவர் இங்கே ஒரே ஒருவர்தான், அவர் மகேஷ்சந்திர பானர்ஜி என்ற பிராமணர் என்பது அந்தக் கடிதத்தின் சேதி. ஆள்பவர்களின் கழகம் ஆளப்படுபவர் ஒருவரைப் பற்றி இப்படி எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

1848 வாக்கில்தான் இருவரும் சந்தித்தார்கள். மொபசலில் ஒரு பிராமணர் இருக்கிறார், சதுரங்கத்தில் அவரை யாருமே ஜெயித்ததில்லை என்ற பேச்சு நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. காக்ரேனுக்குக் கேட்கவா வேண்டும். அதன்பிறகு பல ஆண்டுகள் இருவரும் விடாமல் ஆடினார்கள். நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் பதிவாகி, பல லண்டன் இதழ்களில் அச்சேறின. கணக்கு என்று பார்த்தால் காக்ரேன் பக்கம்தான் வெற்றி அதிகம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் மகேஷ்சந்திரர் முற்றிலும் வேறு விதிகளில் வளர்ந்த ஆட்டக்காரர். நடுவயதில் இன்னொருவரின் விதிகளைக் கற்று, அந்த விதிகளிலேயே ஊறியவர் எதிரே போய் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கணக்கையும் சேர்த்தால்தான் இருவரின் பலம் தெரியும்.

அந்த விதிகள் என்னென்ன? நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டாது. ஒவ்வொரு கட்டமாகத்தான் ஏறும். ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறும் கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்குப் பதில் ராஜா ஒரே ஒரு முறை குதிரைபோல் தாவிக்கொள்ளலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் நினைத்தபடி ராணியாகிவிட முடியாது. எந்தக் கட்டத்தில் போய் நிற்கிறதோ அந்தக் கட்டத்துக்கு உரிய காயாகத்தான் மாறும். ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் இருந்தன. பொதுவான சாயல் இதுதான்.

சிப்பாய்கள் மெல்ல ஏறும் ஆட்டத்தில் இரண்டு படைகளும் உடனே முட்டிக்கொள்ளாது. தன் எல்லைக்குள்ளேயே காய்களைப் பொறுமையாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் ஐரோப்பிய விதிக்கு வந்தபோதும் கை பழையபடியே போயிற்று. ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னிருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். அந்த இடைவெளியில் பிஷப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். மூலையிலிருந்து எதிர்மூலை வரை நீளும் குறுக்கு வரிசை முழுவதும் அந்தப் பிஷப்பின் பார்வையில் வந்தது. நடுப்பலகையைச் சிப்பாய்களால் பிடித்துக்கொள்வதுதான் சதுரங்கம் என்று லண்டனும் பாரிஸும் நம்பிய காலம் அது. நடுவை எதிராளிக்கே விட்டுக்கொடுத்து, தூரத்திலிருந்து அதை அடிக்கலாம் என்று கொல்கத்தாவில் ஒருவர் நாள்தோறும் ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இனி அந்த மே மாத ஆட்டம்.

காக்ரேனிடம் வெள்ளை. ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் ஏற்றினார், அடுத்து அதன் இடப்பக்கச் சிப்பாயையும். மகேஷ்சந்திரர் குதிரையை வெளியே எடுத்து, ராஜா பக்கத்துக் குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். மூன்றாம் நகர்வில் யாரும் எதிர்பாராத ஒரு காரியம்: தன் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் ஏற்றி, நடுப்பலகையில் நேருக்கு நேர் மோதவிட்டார். பிஷப்பை அந்த இடைவெளியில் வைத்தார், கோட்டை கட்டினார். ஆறாம், ஏழாம் நகர்வுகளில் சிப்பாய்களும் குதிரைகளும் வெட்டுப்பட, வெள்ளைக்கு நடுவில் அகலமான சிப்பாய் வரிசை அமைந்தது. பார்த்தால் வெள்ளைதான் ஆளுகிறது. எட்டாம் நகர்வில் இன்னொரு சிப்பாயை ஏவி அந்த வரிசையின் அடித்தளத்தைக் கறுப்பு அசைத்தது.

எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது இந்த எட்டு நகர்வுகள்தான். இன்றைய கிராண்ட்மாஸ்டர் ஒருவரிடம் பெயர்களை மறைத்து இதைக் காட்டினால், போன வாரம் ஆடிய ஆட்டம் என்றே நினைப்பார். உலகப் பட்டத்துக்கான ஆட்டங்களில் காஸ்பரோவ் கறுப்புக் காய்களோடு நம்பி எடுத்த ஆயுதங்களில் ஒன்று இதே தொடக்கம்.

அதற்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. காக்ரேன் தன் யானையை நடுப்பலகைக்கு அனுப்பி, மகேஷ்சந்திரரின் ராணியைத் துரத்தினார். ராணி ஒதுங்கியது. மறுபடி துரத்தல். ராணி தன் சொந்த வீட்டுக்கே திரும்பியது. பதினேழாம் நகர்வில் காக்ரேனின் குதிரை கறுப்பு ராஜாவின் கோட்டை வாசலுக்கு வந்து நின்றது. மகேஷ்சந்திரர் பதறவில்லை, ஒரு பிஷப்பை வெட்டி எடுத்தார். காக்ரேன் திரும்பி வெட்டாமல் குதிரையைக் கோட்டைக்குள் பாய்ச்சி, ராஜாவை ஒட்டிய சிப்பாயை எடுத்தார். பதினெட்டாம் நகர்வில் மகேஷ்சந்திரரின் குதிரை வெள்ளை ராணியைத் தாக்கியது. ராணியைப் பிடிக்கும் வேகத்தில் தன் ராஜாவை விட்டுவிட்ட நகர்வு.

வெள்ளைக் குதிரை தாவியது. அது விலகிய வழியில் ராணியிடமிருந்து ஒரு செக், குதிரையிடமிருந்து இன்னொரு செக். இரண்டு செக்கையும் ஒரே நகர்வில் தடுக்க முடியாது, ராஜா ஓடியே ஆக வேண்டும். மூலைக்கு ஓடினால் காக்ரேன் தன் ராணியையே ராஜாவின் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுபோய் வைப்பார். குதிரையின் காவல் இருப்பதால் ராஜாவால் அதை வெட்ட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். வெட்டிய யானை ராஜாவின் கடைசி வழியை அடைத்துவிடும். குதிரை பழைய இடத்துக்குத் திரும்பித் தாவினால் மேட். தன் காய்களாலேயே சூழப்பட்டு, நகர இடமில்லாமல் ராஜா முடிவான்.

ராணியைக் கொடுத்து முடிக்கும் இந்த அழகை எல்லோரும் கொண்டாடலாம், நானும் கொண்டாடுகிறேன். ஆனால் ஜெயித்தவர் செய்தது தெரிந்த வித்தை. மூச்சடைக்கும் மேட் என்று பல நூற்றாண்டுகளாகப் புத்தகங்களில் இருப்பதுதான். தோற்றவர் செய்ததோ அதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அவருடைய மூன்றாம் நகர்வை மறுபடி பெரிய மேடையில் பார்க்க உலகம் 1922 வரை காத்திருந்தது. அந்த ஆண்டு வியன்னாவில் எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்ட் அதைக் கொண்டு, பின்னாளில் உலக சாம்பியனான அலெக்ஸாண்டர் அலேகினை வீழ்த்தினார். அன்றிலிருந்து அதற்குக் கிரன்ஃபெல்ட் தற்காப்பு என்று பெயர். கொல்கத்தாவில் மகேஷ்சந்திரர் ஆடி 67 ஆண்டுகளுக்குப் பிறகு.

காக்ரேனுக்கு இந்த அநியாயம் நடக்கவில்லை. நாலாவது நகர்விலேயே ஒரு குதிரையைப் பலிகொடுத்து ராஜாவை வெளியே இழுக்கும் அவருடைய துணிச்சலுக்குக் காக்ரேன் கேம்பிட் என்றே பெயர் நிலைத்தது. 1999இல் லினாரெஸில் வெசெலின் டோபலோவ் அதை விளாதிமிர் கிராம்னிக்குக்கு எதிராக ஆடி டிரா செய்தார். காக்ரேன் அதை 1848இல் ஆடிப் பார்த்தது யாரை எதிர்த்து என்று நினைக்கிறீர்கள்? மகேஷ்சந்திரரை எதிர்த்துத்தான். பலவீனமானவரிடம் குதிரையைக் கொடுத்து ஜெயிப்பதில் ஒன்றும் தெரியவராது. கொடுத்த குதிரைக்குப் பலன் உண்டா என்று சொல்லக்கூடிய எதிராளி வேண்டும். அந்த எதிராளி கொல்கத்தாவில் கிடைத்தார்.

மகேஷ்சந்திரர் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. இன்னோர் ஆட்டத்தில் காக்ரேன் நான்கு சிப்பாய்களை வரிசையாக ஏற்றி மிரட்ட, மகேஷ்சந்திரர் துணிந்து காய்களைப் பலிகொடுத்து ஜெயித்தார். காயைப் பலிகொடுப்பது கணக்கில் நட்டம். பலகையில் அது லாபமாக முடிந்தது. ராஜாவின் இந்தியத் தற்காப்பு என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் தொடக்கத்தின் வேர் இப்படிப்பட்ட ஆட்டங்களில் இருக்கிறது. 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் 1884இல் அச்சில் வந்தபோது, அது இவருடைய ஆட்டத்தைச் சுட்டியே வந்தது. நாட்டின் பெயர் நிலைத்தது, ஆளின் பெயர் நழுவிப்போனது.

கொல்கத்தாவின் சதுரங்கப் பற்றுக்கு இன்னொரு சாட்சி. உலகின் முதல் சர்வதேசச் சதுரங்கப் போட்டி 1851இல் லண்டனில் நடந்தது. அதற்குக் கொல்கத்தா கழகம் 100 பவுண்ட் அனுப்பியது. காக்ரேன் தன் பங்குக்குத் தனியாகப் பெரிய தொகை ஒன்று கொடுத்தார்.

சமபலம் என்பதை இன்று எண்ணிலேயே சொல்லிவிடுகிறோம். 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட ஈலோ முறைப்படி, இருவரின் புள்ளிகளும் ஒன்று என்றால் நூறு ஆட்டத்தில் ஆளுக்கு ஐம்பது புள்ளி எதிர்பார்க்கலாம். 200 புள்ளி இடைவெளி வந்தால் பலசாலிக்கு 76. இடைவெளி 400 என்றால் ஏறக்குறைய 91. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நேர்மையானது. ஆனால் ஐம்பதுக்கு ஐம்பது உள்ள இருவர் உட்காரும்போது என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது. ஒன்றுமே நடக்காமலும் போகலாம். 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய கார்ப்போவ் – காஸ்பரோவ் உலகப் பட்ட மோதல் 48 ஆட்டங்கள் நீண்டது, அதில் 40 டிரா. கடைசியில் 1985 பிப்ரவரியில் முடிவில்லாமலே நிறுத்தினார்கள்.

2018 நவம்பர் 9 அன்று லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் உலகப் பட்டத்துக்கு மோதத் தொடங்கினார்கள். கிளாசிக்கல் ஆட்டம் பன்னிரண்டும் டிரா. அதே நவம்பர் 9 அன்றுதான் கொல்கத்தாவில் டாடா ஸ்டீல் போட்டியும் தொடங்கியது. லண்டனில் டிராக்கள் குவிந்துகொண்டிருந்தபோது, கொல்கத்தா வேறொன்றைப் பார்த்தது. ரேபிட் பிரிவை ஹிகாரு நகமுரா வென்றுவிட்டார். பிளிட்ஸ் பிரிவில் 18 சுற்றுகள் முடிந்ததும் நகமுராவுக்கு 12.5, ஆனந்துக்கும் 12.5. ஆனந்துக்கு அடுத்த மாதம் 49 வயது, நகமுராவுக்கு 31. பிளிட்ஸ் இளைஞர்களின் ஆட்டம், கையும் கண்ணும் வயதோடு தளரும் என்பது பொதுவான நம்பிக்கை. டை-பிரேக்கில் ஆனந்த் 1.5 – 0.5 என்று வென்றார். நவம்பர் 14, குழந்தைகள் தினம்.

ஆனந்துக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள கடன் இதோடு முடியவில்லை. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த் 1988இல் சென்னையிலிருந்து வந்தார் என்றால், இரண்டாவது 1991இல் கொல்கத்தாவிலிருந்து வந்த திவ்யேந்து பருவா. 1982இல், பதினாறு வயதுகூட நிரம்பாத பருவா லண்டனில் விக்டர் கோர்ச்னோயைத் தோற்கடித்திருந்தார். தொடர்ந்து ஆறு முறை தேசிய சாம்பியனான கொல்கத்தாவின் சூர்யசேகர் கங்குலி, ஆனந்தின் உலகப் பட்டப் போட்டிகளில் அவருடைய ஆய்வுக் குழுவில் இருந்தவர். 2012இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுக்கு எதிராக ஆனந்த் ஆடியதை நினைத்துப் பாருங்கள். ஏழாம் ஆட்டத்தைக் கெல்ஃபாண்ட் வென்றார். எட்டாம் ஆட்டத்தை ஆனந்த் பதினேழே நகர்வில் வென்றார். மற்றவை எல்லாம் டிரா, 6 – 6. நான்கு ரேபிட் ஆட்டங்களில் ஒன்றை வென்று, 2.5 – 1.5 என்று பட்டத்தைக் காத்தார். அந்தப் போட்டியைச் சலிப்பானது என்று எழுதியவர்கள் உண்டு. ஒருவர் தயாரித்து வந்த ஒவ்வொரு யோசனைக்கும் மற்றவர் பலகையிலேயே பதில் கண்டுபிடித்த போட்டி அது. அங்கே சலிப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

இனி இன்றைய பிள்ளைகள். 2025 பிப்ரவரி 2, நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஜீ. அங்கே நடந்த செஸ் போட்டியின் பதின்மூன்றாம் சுற்றுக்கு வந்தபோது பிரக்ஞானந்தாவும் குகேஷும் சமநிலையில் முதலிடம். இருவரும் சென்னை, இருவரும் வேலம்மாள் பள்ளி. வயதில் ஓராண்டுகூட வித்தியாசமில்லை. கடைசிச் சுற்றில் குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடம் தோற்றார், பிரக்ஞானந்தா வின்சென்ட் கைமரிடம் தோற்றார். தோல்வியிலும் சமம், ஆளுக்கு 8.5. டை-பிரேக் முதல் ஆட்டம் குகேஷுக்கு. இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு. ஜெயிப்பவருக்கே கோப்பை என்ற மூன்றாவது ஆட்டத்தில், டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில், நிமிடங்கள் கரைந்து நொடிகளாகும் நேரத்தில் உலக சாம்பியனான குகேஷ் தடுமாறினார். கோப்பை பிரக்ஞானந்தாவுக்கு.

மறுநாள் தலைப்புகள் எல்லாம் ஜெயித்தவரைப் பற்றி. அது இயல்புதான். ஆனால் பிரக்ஞானந்தா அந்த அளவுக்கு உயர்ந்ததில் குகேஷுக்குப் பங்கு உண்டு, குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதில் பிரக்ஞானந்தாவுக்கும் பங்கு உண்டு. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒருவர் ஒரு படி ஏறினால் அடுத்தவரும் ஏறியே தீர வேண்டிய கட்டாயம். பயிற்சியாளரால் பாடம் சொல்ல முடியும், கணினியால் சரியான நகர்வைக் காட்ட முடியும். சமபலம் உள்ள மனிதர் ஒருவர் எதிரே வந்து உட்கார்வதை எந்த அகாடமியாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்துதர முடியாது. காக்ரேன் அதற்காகத்தான் மொபசல் பேச்சுக்குக் காது கொடுத்தார்.

கொல்கத்தாவில் கரியாஹாட் மேம்பாலத்துக்குக் கீழே மாலை நேரத்தில் போனால், வாகன இரைச்சலுக்கு நடுவே வரிசையாகப் பலகைகள் விரித்திருப்பதைப் பார்க்கலாம். வயது, வேலை, சாதி எதையும் கேட்காமல் எதிரே உட்காருகிறார்கள். இந்த நகரம் சதுரங்கத்தை நேசிக்கும் நகரம், சந்தேகமே இல்லை. அதனால்தான் இந்த நகரத்திடமும் போட்டி நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள்.

உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் கொல்கத்தாவுக்கு வருகிறார்கள். சென்னையிலிருந்து பிள்ளைகள் ரயிலேறி வருகிறார்கள். அந்த மேடையில் மகேஷ்சந்திர பானர்ஜி – காக்ரேன் பெயரில் ஒரு பரிசு வையுங்கள். போட்டியின் மிகச் சிறந்த ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பரிசுத் தொகையைச் சரிபாதியாகப் பிரித்து, வென்றவருக்கும் தோற்றவருக்கும் சேர்த்தே மேடையில் கொடுங்கள். சதுரங்கம் சொல்லித்தரும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்: கிரன்ஃபெல்ட் தற்காப்பு என்று கரும்பலகையில் எழுதும் நாளில், அதற்கு மேலே 1855, கொல்கத்தா, மகேஷ்சந்திர பானர்ஜி என்று ஒரு வரியும் எழுதுங்கள்.